தகரத்துக்கு அந்தப் பக்கம்

சிடுமூஞ்சி என்று அவனுக்கு யார் பெயர் வைத்தார்களோ, சரியாகத்தான் வைத்தார்கள். பட்டறைக்கு வண்டி கொண்டு வருகிறவர்கள் அவன் காதில் விழாத தூரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். காதில் விழும் தூரத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. "முன்னாடி ஏதோ சத்தம் வருதுண்ணே" என்று ஒருவன் ஆரம்பித்தால், "வண்டியில சத்தம் வராம பாட்டா வரும்? சாவியை வெச்சுட்டுக் கிளம்பு" என்பான். என்ன ரிப்பேர் என்று கேட்டுவிட்டால் போச்சு. "சொன்னா உனக்குப் புரியுமா?" என்று ஒரு முறை முறைப்பான். கேட்டவன் தான் எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிடுவான்.

ஆனாலும் கூட்டம் குறையவில்லை. அந்த ஊரைத் தாண்டினால் மலை. தார் ரோடு பாதி வழியிலேயே கையை விரித்துவிடும். அதற்கு மேல் கல், சேறு, நடுவில் ஒரு ஓடை. கையால் கியர் போட்டு, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஜீப்புகள்தான் அங்கே ஏறும். அவற்றின் கியர் பெட்டியைத் திறந்து மூடுவதில் இவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டிப் பார்ப்பான். காலுக்கு வருகிற அதிர்வை வைத்தே உள்ளே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வேலை முடிந்ததும் மூடியின் உள்பக்கத்தில் உளியால் மூன்று புள்ளி குத்துவான். அந்தப் புள்ளி விழுந்த பெட்டி இரண்டாம் முறை தன்னிடம் வந்ததில்லை என்று மார் தட்டிக்கொள்வான். மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் அவன் புளுகவில்லை.

பட்டறையை நடுவில் பிரித்து ஒரு தகரத் தடுப்பு நிற்கும். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம், அவ்வளவுதான், கூரையைத் தொடாது. தகரத்துக்கு இந்தப் பக்கம் இவன். அந்தப் பக்கம் இவனுடைய அக்கா புருஷன். மாமா வைத்திருப்பது ஜீப்புகளுக்கு மேல் சாமான் மாட்டுகிற கடை. வண்டியை உயர்த்துவது, அகல டயர் போடுவது, முன்னால் இரும்புக் கம்பி வைப்பது, ஓடையில் இறங்கினால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க மூச்சுக் குழாயைக் கூரை வரை ஏற்றுவது. இவன் அதை அலங்காரக் கடை என்பான். வளையல், ரிப்பன் கிடைக்குமா என்று கேட்டு வரச் சொல்லி வாடிக்கையாளர்களையே அனுப்பியிருக்கிறான்.

ஒரு காலத்தில் இருவரும் ஒன்றாகத்தான் வேலை பார்த்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வாடிக்கையாளன் ஒருவன் ஆசைப்பட்டான் என்று மாமா அவனுடைய ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டுக் கொடுத்தார். ஒரே வாரத்தில் பின் அச்சு முறிந்து வண்டி கயிறு கட்டி இழுபட்டு வந்தது. அச்சு தாங்காது என்று இவன் முன்பே சொல்லியிருந்தான். சொன்னது நடந்தால் சும்மா இருக்கிற பிறவியா? பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன்னைவிடப் பத்து வயது மூத்தவரை, "ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத உனக்கு எதுக்குய்யா பட்டறை?" என்று கேட்டான். அதுவரை வாயில் இருந்த 'நீங்க' அன்றைக்குப் போனதுதான். மறுநாள் மாமா தகரம் வாங்கி வந்தார். வண்டிக்கு அடியில் நின்று பார்க்கிற வேலைக் குழி இவன் பக்கம், தெருப் பார்த்த முகப்பு அவர் பக்கம்.

அதற்குப் பிறகு நேராகப் பேச்சில்லை, எல்லாம் ஜாடைதான். இவன் சுவரைப் பார்த்துச் சொல்வான். அவர் டயரைப் பார்த்துப் பதில் சொல்வார். அக்கா இரண்டு பக்கமும் போய் வருவாள். அவள் நர்ஸ். வாரத்தில் இரண்டு நாள் தடுப்பூசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மலைமேல் இருக்கிற குடியிருப்புகளுக்குத் தானே ஜீப் ஓட்டிக்கொண்டு போவாள். பச்சை நிறத்தில் ஒரு கிழட்டு ஜீப். அவளுக்கு முன்னால் அந்தப் பாதையில் யாருடைய குழந்தைக்கும் நேரத்துக்கு ஊசி போட்டதில்லை என்று மேலே சொல்வார்கள்.

போன வருஷம் அந்தப் பச்சை ஜீப்பின் கியர் பெட்டியை இவன்தான் பிரித்து மாட்டினான். வழக்கமான கியர் ராடுக்குப் பக்கத்தில் அதில் ஒரு குட்டி லிவர் இருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் வண்டி லோவில் விழும். நான்கு சக்கரமும் ஆமை வேகத்தில் இழுக்கும். இறக்கத்தில் அதுதான் உயிர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சும்மா ஒத்தாசைக்கு. அந்த லிவர் நழுவாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டும், அதை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. ஸ்பிரிங் விரல் நீளம்கூட இருக்காது.

அதன் மேலிருந்த திருகைக் கழற்றி, ஸ்பிரிங்கைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருந்தபோதுதான் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. மாமா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"கியர் பாக்ஸ் என்ன பெரிய ராக்கெட்டா? பிரிச்சா பிரியும், மாட்டினா மாட்டும். அதுக்குப் போய் சில பேரு என்னமா அலட்டிக்கிறாங்க!"

இவனுக்குச் சுருக்கென்று ஏறியது. பதிலடி கொடுக்கத் தலையைத் திருப்பினான். கட்டை விரல் விலகியது. ஸ்பிரிங் விர்ரென்று பறந்து தகரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் எதன் மேலோ 'டிங்' என்று விழுந்தது.

போய் எடுத்திருக்கலாம். தெரு வழியாகச் சுற்றிப் போனால் இருபது அடி. ஆனால் போய் என்ன சொல்வது? என் ஸ்பிரிங் உங்கள் பக்கம் விழுந்துவிட்டது, கொஞ்சம் தேடிக் கொடுங்கள் என்றா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். பழைய சாமான் பெட்டியைக் கிளறி வேறொரு ஸ்பிரிங்கை எடுத்தான். கொஞ்சம் நீளம். வெட்டி, முனையை உரசி, உள்ளே போட்டான். ஒப்பேற்றுகிறவன் மெக்கானிக்கே இல்லை என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன், அன்றைக்கு வீம்புக்காக ஒப்பேற்றினான். மூன்று புள்ளியும் குத்தினான். தெருவில் ஓட்டிப் பார்த்தபோது லிவர் ஒழுங்காகத்தான் நின்றது. தெரு சமதரை. ஒரு வாரத்தில் அவனே அதை மறந்துவிட்டான்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் மாமா பச்சை ஜீப்பின் மேல் கை வைத்தார். நாலு அங்குலம் உயர்த்தினார், சேற்றுக்கான அகல டயர் போட்டார், மூச்சுக் குழாய் ஏற்றினார். பெண்டாட்டி வண்டியைக் கடைக்கு விளம்பரமாக்குகிறான் அந்த ஆளு என்று இவன் சுவரிடம் சொன்னான். உண்மையைச் சொன்னால் அந்த மழையில் ஜீப் எங்கேயும் மாட்டவில்லை. முன்பெல்லாம் வயிறு தட்டி நின்ற கல்லையெல்லாம் அலட்டாமல் தாண்டியது. ஆனால் உயர்த்திய வண்டிக்கு வருகிற வியாதிகளும் வந்தன. வேகம் எடுத்தால் ஸ்டியரிங் உதறியது, அடியில் ஏதோ தடதடத்தது. ஒரு காலையில் அக்கா வண்டியைக் கொண்டுவந்து இவன் குழி மேல் நிறுத்தினாள்.

"பாரு. பார்த்துட்டு சரி பண்ணு. அவர் போட்டதைக் கழட்டுற வேலை மட்டும் வேண்டாம்."

"குப்பையைக் கழட்டாம எப்படிக் கூட்டுறது?"

"டேய், எனக்கு வியாழக்கிழமை மேலே போகணும். உன் வாயை இங்கேயே மூடிட்டு வேலையைப் பாரு."

அவன் வேலையைப் பார்த்தான். அதில் குறை சொல்ல முடியாது. முன் அச்சு சாய்ந்திருந்தது. ஆப்பு வைத்து நிமிர்த்தினான், உதறல் நின்றது. சுழல் தண்டின் மூட்டு தேய்ந்திருந்தது. மாற்றினான், தடதடப்பு நின்றது. வண்டியை உயர்த்தியவர் பிரேக் குழாயை நீட்டாமல் விட்டிருந்தார். அது விண்ணென்று இழுபட்டு நின்றது. அதைப் பார்த்ததும் இவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இன்னும் ஒரு பள்ளத்துல விழுந்திருந்தா அறுந்திருக்கும். ரிப்பன் கட்டத் தெரியுது, குழாய் மாட்டத் தெரியல!" என்று தகரம் அதிரக் கத்தினான். கத்திவிட்டு நீளமான குழாய் ஒன்றை மாட்டினான்.

அப்புறம்தான் அவன் கண்ணில் அது பட்டது. குட்டி லிவரின் கழுத்தில் ஒரு ரப்பர் பட்டை. பழைய டயர் ட்யூபை வெட்டி, ஒரு முனையை லிவரிலும் மறுமுனையைச் சீட்டின் இரும்புக் காலிலும் கட்டியிருந்தது. லிவர் லோவில் இருக்கும்போது அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி.

"இது என்ன கோமாளித்தனம்?"

அக்கா தடுப்பூசிப் பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இறக்கத்துல லிவர் லேசா குதிக்குது. அது இருக்கட்டும்டா."

"ஏன் குதிக்காது? வண்டியைத் தூக்கி வெச்சா லிவர் தரைத் தகட்டுல இடிக்கும், முழுசா உள்ளே போகாது. தூக்கினவனுக்கு அது தெரியல, கயிறு கட்டி வெச்சிருக்கான். நான் போட்ட கியர் பாக்ஸுக்குக் கயிறா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து மாமா யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். "அதைக் கழட்ட வேண்டாம்னு சொல்லு. தெரியாததுல தலையிட வேண்டாம்னு சொல்லு."

வினை அதில்தான் வந்தது. இருக்கட்டும் என்று அக்கா சொன்னதைக்கூட அரை மனதாக விட்டிருப்பான். தெரியாதது என்று அந்த ஆள் சொல்லிவிட்டாரே! கத்தியை எடுத்தான், பட்டையை ஒரே இழுப்பில் அறுத்தான், சுருட்டித் தகரத்துக்கு மேலே வீசினான். "அந்தக் கடைச் சரக்கு! பத்திரமா வெச்சுக்கச் சொல்லு!" பிறகு தரைத் தகட்டில் லிவர் நுழைகிற ஓட்டையை ஒரு அங்குலம் அகலமாக வெட்டினான். லிவரை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினான். எங்கேயும் இடிக்கவில்லை.

"நல்லா பார்த்துட்டியா?" என்று அக்கா கேட்டாள்.

"நான் பார்த்தா பார்த்ததுதான்."

வியாழக்கிழமை அவள் மலை ஏறினாள். மத்தியானம் மூன்று மணி வாக்கில் தகரத்துக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. மாமா ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தார். ஆறு வருஷத்தில் முதல் முறையாக இவன் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினார்.

"உங்க அக்கா வண்டி மலையில மோதிடுச்சு. மேலே இருந்து போன் வந்துச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல."

இவன் கையில் இருந்த ஸ்பேனர் குழிக்குள் விழுந்தது. இருவரும் ஒரே பாதையில், தனித்தனி வண்டியில் போனார்கள்.

ஓடைக்குக் கீழே முதல் வளைவில் பச்சை ஜீப் மண் மேட்டில் மூக்கைக் குத்தி நின்றது. அதற்கு எதிர்ப்பக்கம் பள்ளம். கீழே எட்டிப் பார்த்தால் மரங்களின் தலை தெரியும். அக்கா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டைத் துணியால் சுற்றிக் கழுத்தோடு தொங்கவிட்டிருந்தாள். தடுப்பூசிப் பெட்டி பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. அது கவிழ்ந்ததை யாரோ எடுத்து வைத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். ஓடையைத் தாண்டினால் பிரேக்குக்குள் தண்ணீர் ஏறிக்கொள்ளும். காய்கிற வரைக்கும் பிடிக்காது. அதனால்தான் லோவில் இறங்குவது. வளைவுக்கு முன்னால் குட்டி லிவர் டக்கென்று வெளியே குதித்தது. எஞ்சின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் வழுக்கியது. இடது கையால் லிவரை மறுபடி இழுத்துப் பார்த்தாள். அது கையை உதறியது. பள்ளத்துக்குப் போவதைவிட மேட்டுக்குப் போகலாம் என்று ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறாள்.

அவளைப் பார்த்து உயிர் வந்ததும் இவனுக்குக் கூடவே வாயும் வந்துவிட்டது. மாமா பக்கம் திரும்பினான். "பார்த்தியா? வண்டியைத் தூக்காதே, தூக்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்! உன் கடை விளம்பரத்துக்கு என் அக்காதான் கிடைச்சாளா?"

மாமா நெருங்கி வந்து இவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். இவனும் கையை ஓங்கிவிட்டான்.

"விடுங்க ரெண்டு பேரும்!" என்று அக்கா கத்தினாள். அவள் அப்படிக் கத்தி இருவருமே கேட்டதில்லை. பிறகு தம்பியைப் பார்த்து, சத்தத்தைத் தணித்துச் சொன்னாள். "தூக்கினது இந்த மழைக்கு முன்னாடி. லிவர் குதிக்க ஆரம்பிச்சது அதுக்கும் முன்னாடி."

"எப்போலேர்ந்து?"

"நீ பிரிச்சு மாட்டினதுலேர்ந்து. முதல் தடவை இறங்கும்போதே குதிச்சுது. ஒரு மாசம் கையாலயே பிடிச்சுக்கிட்டு இறங்கினேன். உள்ளங்கை கன்னிப்போச்சு. அதைப் பார்த்துட்டுதான் இவர் பட்டை கட்டினார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்டயா?" என்றாள் அக்கா.

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு அவளே தொடர்ந்தாள். "சொன்னா நீ என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லியிருப்பே. இல்ல, இவர் ஏதோ பண்ணிட்டார்னு ஊரைக் கூட்டியிருப்பே. இவரையும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். அன்னைக்கு நீ, 'நான் பார்த்தா பார்த்ததுதான்'னு சொன்னே. சரி, இந்தத் தடவை நிஜமாவே பார்த்திருப்பான்னு நம்பிட்டேன்."

மாமா சட்டையை விட்டார். "நான் சுத்தி வந்து சொல்லியிருக்கணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு இவனைப் பார்த்தார். "உன் மூஞ்சில முழிக்கப் பிடிக்காம அங்கேயிருந்தே கத்தினேன்."

ஜீப்பை இழுத்துவந்து குழி மேல் நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் அவன் வேறு எந்த வண்டியையும் தொடவில்லை. சாவியோடு வந்த இரண்டு பேரைத் திட்டாமல் திருப்பி அனுப்பினான். அவர்கள் பயந்துபோய்ப் பக்கத்துக் கடையில் விசாரித்தார்களாம். பெட்டியின் மூடியைத் திறந்து திருப்பினான். மூன்று புள்ளி. அவன் கையால் குத்திய, அழகான, ஒரே இடைவெளி விட்ட மூன்று புள்ளி. திருகைக் கழற்றி உள்ளே இருந்த ஸ்பிரிங்கை வெளியே எடுத்தான். ஒரு முனை வெட்டி உரசப்பட்டிருந்தது. நடுவில் ஒடிந்து இரண்டு துண்டாகக் கையில் விழுந்தது.

அப்போதுதான் அந்த 'டிங்' அவனுக்கு ஞாபகம் வந்தது. குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். அக்கா பள்ளத்துப் பக்கம் ஒடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தான். தன் மேல் அவனுக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

எழுந்து தெருவுக்கு வந்து, இருபது அடி சுற்றி, மாமா கடை வாசலில் நின்றான். ஆறு வருஷத்தில் உள்ளே எதுவெது எங்கே இருக்கிறது என்பதே மாறியிருந்தது. மாமா ஒரு டயரை உருட்டிக்கொண்டிருந்தார். பார்த்தார், உருட்டுவதை நிறுத்தவில்லை.

"மாமா" என்றான். "போன வருஷம் என் பக்கத்துலேர்ந்து ஒரு ஸ்பிரிங் இங்கே விழுந்துச்சு. சின்னது. நீங்க... பார்த்தீங்களா?"

மாமா டயரைச் சுவரில் சாய்த்தார். கையைத் துடைத்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். வாஷர், நட்டு, ஒடிந்த உளி முனை, ஒரு வால்வு மூடி என்று எல்லாம் உருண்டன. நடுவில் அந்த ஸ்பிரிங், துருப் பிடிக்காமல் எண்ணெய் தடவி.

"உன் பக்கத்துலேர்ந்து ஆறு வருஷமா பறந்து வந்தது எல்லாம் இதுலதான் இருக்கு. எது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே கொண்டுவந்து உன் மூஞ்சில விட்டெறிஞ்சிருப்பேன்." ஸ்பிரிங்கை விரலால் அவன் பக்கம் தள்ளினார். "கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன். எடுத்துட்டுப் போ. உன்னை நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதே."

"நினைக்கல" என்றான். எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று வாரம் கழித்து அக்காவின் கைக்கட்டு அவிழ்ந்தது. வண்டி ஏற்கெனவே தயாராக இருந்தது. அவன் வெறுங்காலோடு ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது அக்கா சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "இந்தத் தடவை ஓட்டிப் பார்க்கிறது நான். தெருவில இல்ல, அங்கே. நீ பக்கத்துல உட்காரு."

மேலே போய்த் திரும்பி, ஓடையைத் தாண்டி, இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தினாள். முன்னால் அதே வளைவு. மண் மேட்டில் ஜீப்பின் மூக்கு இடித்த பள்ளம் இன்னும் அப்படியே இருந்தது.

"மூணு புள்ளி குத்தினியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

அவள் குட்டி லிவரை இழுத்து லோவில் போட்டாள். பிறகு பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். அதே ரப்பர் பட்டை. அவன் அறுத்த இடத்தில் மாமா இன்னொரு துண்டு வைத்து ஒட்டித் தைத்திருந்தார்.

"கட்டு. எனக்கு இன்னும் இந்தக் கையில அழுத்தம் குடுக்க முடியல."

"இது தேவையே இல்லக்கா. கம்பெனி ஸ்பிரிங்கையே போட்டிருக்கேன். இனிமே அது குதிக்கவே குதிக்காது. நான் பார்த்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அக்கா கையை மடக்கவில்லை. பட்டை நீட்டியபடியே இருந்தது. கோபமாகக்கூட அவள் பார்க்கவில்லை, வளைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்கினான். குனிந்து ஒரு முனையைச் சீட்டின் காலில் மாட்டினான். மறுமுனையை லிவரின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டான். இழுத்துப் பார்த்தான். அதன் மேலேயே இன்னொரு முடிச்சும் போட்டுவிட்டு, "போலாம்" என்றான்.